விரல்களை யார் எண்ணுவது?

புதுதில்லி ரஃபி மார்கில் சிரம் சக்தி பவன் என்னும் கட்டடத்தில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் இயங்கி வருகிறது. 29 தொழிலாளர் சட்டங்களைக் கரைத்து வார்க்கப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன என 2025 நவம்பர் 21 அன்று அந்த அமைச்சகம் அறிவித்தது. அவற்றுள் ஒன்று, 13 சட்டங்களை விழுங்கிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பு. ஒரே பதிவு, ஒரே உரிமம், ஒரே அறிக்கைப் படிவம், எல்லாம் மின்னணு மயம் என்று அதன் சிறப்புகள் பட்டியலிடப்பட்டன. முதலாளிகளின் சங்கங்கள் மகிழ்ந்து வரவேற்றன. பாதுகாப்பு குறித்த தரவுகள் இனி ஓரிடத்தில் குவியும், அவற்றை ஆராய்ந்தால் தொழிலகங்களின் செயல்திறன் உயரும், விபத்துகள் தாமே குறையும் என்பதே இன்று நிர்வாகவியல் அறிஞர்கள் ஓதும் மந்திரம். அளந்தால்தான் மேம்படுத்த முடியும் என்று அவர்கள் சொல்வர்.

அளக்க வேண்டும் என்பதில் தொழிலாளி வர்க்கத்திற்கு மறுப்பேதும் இல்லை. எந்த எந்திரத்தில், எந்த ஷிப்டில், எத்தனை மணி நேர வேலைக்குப் பின் கை சிதைந்தது என்ற கணக்கு மற்றெவரையும்விட அந்தக் கைக்கு உரியவருக்கே தேவை. அளவுகோல் யார் கையில் இருக்கிறது, எதை அளக்கிறார்கள், அளந்ததை யாரிடம் காட்டுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளே இங்கு விவாதத்திற்குரியவை. இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் பேசப்படும் தரவுப் புராணம் முதலாளிக்குச் சாதகமான கட்டுக்கதையாகவே முடியும்.

1867இல் ‘மூலதனம்’ முதல் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் மார்க்ஸ் இதே பொருளைத் தொட்டிருக்கிறார். ஜெர்மனியிலும் ஐரோப்பியக் கண்டத்தின் பிற பகுதிகளிலும் சமூகப் புள்ளிவிவரம் இங்கிலாந்தைவிட மிகப் பின்தங்கிக் கிடப்பதை அவர் சுட்டினார். உண்மையைத் துருவியறியும் முழு அதிகாரம் பெற்ற விசாரணைக் குழுக்களும், இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்களைப் போலத் திறமையும் சார்பின்மையும் உள்ள மனிதர்களும் கிடைத்தால், ஜெர்மானியர் தம் நாட்டின் நிலை கண்டு தாமே திடுக்கிடுவர் என்பது அவர் கருத்து. வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் அவர் அடுக்கும் சான்றுகளில் பெரும்பகுதி அந்த ஆய்வாளர்களின் அறிக்கைகளிலிருந்து வந்தவை. லெனார்டு ஹார்னர் என்ற ஆய்வாளரின் தொண்டை அவர் மனம் திறந்து பாராட்டினார். ஹார்னர் பொதுவுடைமையாளர் அல்லர், முதலாளித்துவ அரசின் ஊழியர். ஆயினும் ஆலைக் கதவைத் திறந்து உள்ளே நுழையும் உரிமை அவருக்கு இருந்தது. ஆலை முதலாளி எழுதிக் கொடுத்ததை அவர் நகலெடுக்கவில்லை, தாமே போய் எண்ணினார். மார்க்ஸின் கைக்கு வந்து சேர்ந்த தரவு அவ்வாறு பிறந்தது.

இந்தியாவின் கணக்கு எவ்வாறு பிறக்கிறது? மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிற்சாலை ஆலோசனைச் சேவை மற்றும் தொழிலாளர் நிறுவனங்களின் தலைமை இயக்ககம் மாநிலத் தலைமை ஆய்வாளர்கள் அனுப்பும் விவரங்களைத் தொகுக்கிறது. பதிவு பெற்ற தொழிற்சாலைகள் மட்டுமே அதில் அடங்கும். 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,109 தொழிலாளர்கள் இறந்தனர், 4,000க்குச் சற்று மேற்பட்டோர் காயமுற்றனர் என்று அந்த இயக்ககத்தின் தரவு கூறுகிறது. நாளொன்றுக்கு மூன்று சாவு, பதினொரு காயம். இந்த எண்ணைக் கண்டு பத்திரிகைகள் அதிர்ச்சி தெரிவித்தன. ஆனால் அதிர்ச்சிக்குரிய எண் சாவின் எண்ணிக்கை மட்டுமன்று; காயத்தின் எண்ணிக்கையே அதைவிட விசித்திரமானது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023 நவம்பரில் வெளியிட்ட உலக மதிப்பீட்டை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். உலகெங்கும் ஆண்டுதோறும் வேலை தொடர்பான காரணங்களால் சுமார் 29 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறக்கின்றனர். அதில் பெரும்பங்கு, அதாவது 26 லட்சம், தொழில்வழி நோய்களால் நேர்வது. விபத்தால் இறப்போர் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். உயிர் போகாமல் காயமடைவோரோ 39 கோடியே 50 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு விபத்துச் சாவுக்குச் சுமார் 1,200 காயங்கள். இந்தியத் தொழிற்சாலைக் கணக்கிலோ ஒரு சாவுக்கு நான்கு காயம்கூடத் தேறவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத அற்புதம் ஒன்று இந்நாட்டில் நிகழ்ந்திருக்க வேண்டும்: இங்கே எந்திரங்கள் கொன்றால் கொல்கின்றன, இல்லையேல் தீண்டுவதே இல்லை. இந்த அற்புதத்தை நம்பாதவர்கள் எளிய விடை ஒன்றுக்கு வந்தாக வேண்டும். பிணத்தை மறைப்பது கடினம், காவல்துறை வரும், உறவினர் கூடுவர். விரலை மறைப்பது எளிது.

அந்த விரல்கள் எங்கே போயின என்பதைத் தேட ஒன்றியத் தலைநகரின் எல்லையைத் தாண்டினாலே போதும். குருகிராம், மானேசர், ஃபரீதாபாத் வட்டாரம் நாட்டின் வாகன உற்பத்தியில் முதன்மையானவற்றுள் ஒன்று. மாருதி, ஹீரோ, ஹோண்டா ஆகிய பெருநிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் தொழிற்கூடங்கள் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. பெரிய நிறுவனத்திற்கு நேரடியாக வழங்குபவர் முதலடுக்கு, அவருக்கு வழங்குபவர் இரண்டாமடுக்கு, கீழே இறங்க இறங்கக் கூலி குறையும், எந்திரம் பழையதாகும், காவல் தடுப்பு காணாமல் போகும். பவர் பிரஸ் என்னும் அழுத்து எந்திரம் தகட்டை வெட்டி வடிவம் கொடுப்பது. கை உள்ளே இருக்கும்போது எந்திரம் இறங்காதபடி தடுக்கும் உணரி இல்லாவிட்டால், அல்லது உற்பத்தி வேகத்துக்காக அது கழற்றி வைக்கப்பட்டிருந்தால், தகட்டோடு விரலும் போகும்.

இவ்வட்டாரத்தில் காயமுற்ற தொழிலாளருக்கு உதவிவரும் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2016 முதல் ஆயிரக்கணக்கானோரைச் சந்தித்து, 2019 தொடங்கி ஆண்டறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அது இடதுசாரி அமைப்பன்று. அதனாலேயே அதன் வாக்குமூலம் கவனத்திற்குரியது. காயமுற்றோரில் பெரும்பாலோர் வேறு மாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள். பெரும்பாலோர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை செய்தவர்கள். விரலிழந்தோர் சராசரியாக இரண்டு விரல்களை இழந்தனர். பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்து நடந்த பிறகே கையில் கொடுக்கப்பட்டது, வேலையில் சேர்ந்த அன்று அல்ல. இந்த ஒரு அமைப்பின் கதவைத் தட்டியோரின் தொகையே ஹரியானா மாநில அரசு மேலே அனுப்பிய காயக் கணக்கைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை அவ்வறிக்கைகள் அம்பலப்படுத்தின.

விபத்துக்குப் பின் அட்டை கொடுப்பதன் பொருளைத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, எனினும் வெளியில் உள்ளோர்க்காகச் சொல்லலாம். கை நசுங்கிய தருணத்தில் அத்தொழிலாளி அரசின் எந்த ஏட்டிலும் இல்லை. அவரை முதலாளி ஏதோவொரு தனியார் மருத்துவமனைக்கு வண்டியில் அனுப்புவார். கட்டுப் போட்டு, சில ஆயிரம் ரூபாய் கையில் வைத்து, ஊருக்குப் போய்த் தேறி வா என்பார் ஒப்பந்தக்காரர். காயம் பெரிதாகி, மூடி மறைக்க முடியாது எனத் தெரிந்த பின்னரே பதிவு நடக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு, ஒரு தொழிலாளியை 48 மணி நேரம் வேலை செய்ய முடியாதபடி ஆக்கும் விபத்தை ஆய்வாளருக்குத் தெரிவிக்கக் கட்டளையிட்டது. அந்தக் கட்டளையைத் தாண்டும் வழியும் ஆலைகளுக்குத் தெரியும். கட்டுப்போட்ட கையோடு ஆளை வரவழைத்து, கேட்டருகே ஒரு நாற்காலியில் அமர்த்திவிட்டால் வருகை ஏட்டில் அவர் வேலையில் இருக்கிறார்! ஆலை வாயிலில் ‘விபத்தின்றிக் கடந்த நாட்கள்’ என்று எழுதிய பலகையில் எண் ஒன்று கூடும். மேற்பார்வையாளருக்கு ஊக்கத்தொகை வரும். பெருநிறுவனத்தின் தரவுத் திரையில் பச்சை விளக்கு எரியும்.

செயல்திறன் என்று நிர்வாகம் அழைப்பது இந்தப் பச்சை விளக்கைத்தான். காயம் குறைந்தால் பரிசு என்ற ஏற்பாடு காயத்தைக் குறைப்பதற்கு முன் காயம் பற்றிய செய்தியைக் குறைக்கும். இது மார்க்சியரின் ஐயுறவு மட்டுமன்று. தொழிலாளர் உரிமைகளில் தாராளம் காட்டாத அமெரிக்காவிலேயே 2016இல் இதற்கு விதி செய்ய நேர்ந்தது: காயத்தைத் தெரிவித்தவரைப் பழிவாங்கலாகாது, தெரிவிக்கத் தயங்கச் செய்யும் நடைமுறை கூடாது என்றனர். அதே நாட்டில் நிறுவனத்தின் காயப் பதிவேட்டைத் தொழிலாளியோ அவர் பிரதிநிதியோ கேட்டால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். ஆண்டுச் சுருக்கத்தைப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று மாதம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். மானேசரில் அத்தகைய பதிவேட்டைக் கேட்ட ஒப்பந்தத் தொழிலாளி மறுநாள் வாயிலைத் தாண்ட முடியுமா என்பதைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது பதிவு பெற்ற ஆலைகளின் கதை. தில்லி நகருக்குள் வந்தால் பதிவே இல்லாத கட்டடங்களின் கதை தொடங்குகிறது. 2018 ஜனவரி 20 அன்று பவானாவில் பட்டாசு வைக்கப்பட்டிருந்த கட்டடம் எரிந்து 17 பேர் மடிந்தனர். 2019 டிசம்பர் 8 அதிகாலையில் அனாஜ் மண்டியின் நெருக்கடியான சந்தில் பை தைக்கும் கூடங்கள் இருந்த கட்டடத்தில் 43 பேர் இறந்தனர். அங்கேயே வேலை செய்து அங்கேயே உறங்கிய பீகார் தொழிலாளர்களே அவர்களில் மிகுதி. 2022 மே 13 அன்று முண்ட்கா மெட்ரோ நிலையத்தருகே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. கண்காணிப்புக் கேமராவும் ரவுட்டரும் பொருத்தும் நிறுவனம் அது. இறந்தோர் 27 பேர், பெரும்பாலோர் பெண்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை, இறங்க ஒரே படிக்கட்டு. உடல்கள் கருகியதால் மரபணுச் சோதனை செய்து அடையாளம் காண வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று அலிபூர் வண்ணப்பூச்சு ஆலையில் 11 பேர்.

ஒவ்வொரு முறையும் இழப்பீடு அறிவிக்கப்பட்டது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. பதிவு பெற்ற தொழிற்சாலைகளை மட்டும் தொகுக்கும் ஏட்டில் பதிவில்லாக் கட்டடத்தின் சாவுக்குப் பத்தியே கிடையாது. தில்லி மாநகராட்சி, மின்வாரிய நிறுவனம், தீயணைப்புத் துறை, தொழிலாளர் துறை ஆகிய நான்கும் அக்கட்டடங்களைப் பற்றி ஏதோவொரு தகவலை வைத்திருந்தன. தொழில் நடத்தும் அளவுக்கு மின்சாரம் எரிந்தது மின் கட்டணப் பட்டியலில் தெரியும். கட்டணம் வசூலிக்கப் பயன்பட்ட தரவு உயிரைக் காக்கப் பயன்படவில்லை. தரவு இல்லை என்பது இந்த நாட்டின் குறை என்று சொல்வோர் இந்த வேறுபாட்டைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் எண்ணுதல் என்ற சொல் கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே குறிக்கும். ஆட்சியாளர்கள் அவ்விரண்டையும் பிரித்துவிட்டனர்.

விபத்தாவது ஒலியெழுப்பும். விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளின் சாவுகள் ஓரளவேனும் எண்ணப்படுவதற்குக் காரணம் வெடிச்சத்தம் ஊருக்குக் கேட்பதுதான். நோய் ஓசையின்றி வரும். தென்தில்லியில் துக்ளகாபாத் கோட்டைக்கு அருகே லால் குவான் என்ற பகுதி உண்டு. அங்கே கல்லுடைக்கும் எந்திரங்கள் பல்லாண்டுகள் இயங்கின. நகரத்தின் காற்று மாசடைகிறது என்று தொடுக்கப்பட்ட எம்.சி.மேத்தா வழக்கில் 1992 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லால் குவான், ஆனந்த் பர்வத், ரஜோக்ரி, துக்ளகாபாத் ஆகிய இடங்களின் கல்லுடைப்பான்கள் அவ்வாண்டு ஆகஸ்ட் 15 முதல் நிற்க வேண்டும், ஹரியானாவின் பாலி பகுதிக்குப் பெயர வேண்டும் என்பது உத்தரவு. நகரத்தின் சுவாசம் காப்பாற்றப்பட்டது. அத்தூசியை மிக அருகில் நின்று ஆண்டுக்கணக்கில் உள்ளிழுத்தவர்களின் நெஞ்சை எவரும் படம்பிடித்துப் பார்க்கவில்லை. எந்திரங்கள் பெயர்ந்தன, தூசி மனிதருக்குள் தங்கிவிட்டது.

கல்லிலுள்ள சிலிக்கா நுண்துகள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து, திசுவைத் தழும்பாக இறுக்கும். வேலையை விட்ட பிறகும் அது வளரும். குணப்படுத்தும் மருந்து இல்லை. இருமல், இளைப்பு, எடைக் குறைவு எனக் குறிகள் காசநோயை ஒத்திருக்கும். எக்ஸ்ரே நிழலும் ஏறக்குறைய அவ்வாறே. சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோயும் எளிதில் பற்றும். ஆகவே லால் குவான் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுக்கப்பட்டது. ‘காசநோய்’ என்று எழுதினால் அது ஏழையின் நோய், ஊட்டமின்மையின் நோய், அரசு மாத்திரை கொடுத்தால் கடமை முடிந்தது. ‘சிலிக்கோசிஸ்’ என்று எழுதினால் அது தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த தொழில்வழி நோய். அச்சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி மருத்துவர் அதைத் தெரிவிக்க வேண்டியிருந்தது, இழப்பீடு கொடுக்க ஒரு முதலாளி தேடப்பட வேண்டியிருந்தது. ஒரு சொல்லின் மாற்றத்தில் ஒரு முதலாளியின் பொறுப்பே மறைந்து போகிறது.

பிரசார் என்ற அமைப்பு இம்மக்களுக்காக 2006இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. தேசிய மனித உரிமை ஆணையமும் மாநிலங்களிடம் கணக்குக் கேட்டது. அவ்வழக்கை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்து, மேற்பார்வையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடமும் மனித உரிமை ஆணையத்திடமும் ஒப்படைத்தது. பதினெட்டு ஆண்டுகள். இந்நோயால் மூச்சுத் திணறும் ஒருவருக்கு அது எத்தகைய காலம் என்பதை விளக்கத் தேவையில்லை.

எண்ண முடியாது என்பதும் பொய். ராஜஸ்தானில் சுரங்க, கல் தொழிலாளர்களும் அவர்களோடு நின்ற அமைப்புகளும் நடத்திய நெடும் போராட்டத்தின் பயனாக 2019 அக்டோபரில் சிலிக்கோசிஸ் உள்ளிட்ட நுரையீரல் தூசி நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வந்தது. தொழிலாளி தாமே பதிவு செய்யலாம், மருத்துவக் குழு சான்றளித்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்திற்கு மேலும் 2 லட்சம். அதன்பின் அம்மாநிலத்தின் ஏட்டில் சிலிக்கோசிஸ் நோயாளிகள் பல்லாயிரக்கணக்கில் தோன்றினர். நோய் அந்த ஆண்டில் பிறக்கவில்லை. உரிமையோடு இணைத்ததும் கணக்கு வெளியே வந்தது. தரவைக் கொண்டு நிலைமையை மேம்படுத்துவது என்பதற்கு இந்நாட்டில் மெய்யான எடுத்துக்காட்டு தேடுவோர், நிர்வாகக் கல்லூரிகளை விட்டு ஜோத்பூர், கரௌலி மாவட்டக் கல் குவாரிகளுக்குச் செல்ல வேண்டும்.

இப்போது புதிய தொகுப்பு என்ன செய்கிறது? தொழிற்சாலை என்பதன் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. மின்விசையுடன் 10 பேர், மின்விசையின்றி 20 பேர் என்றிருந்த வரம்பு முறையே 20, 40 என இரட்டிப்பாகியுள்ளது. 10 பேர் உள்ள எல்லா நிறுவனங்களும் தொகுப்பின் பொதுவிதிகளுக்குள் வருகின்றனவே என்று அரசுத் தரப்பு வாதிடும். வருகின்றன, ஆனால் தொழிற்சாலைக்குரிய கட்டட வரைபட ஒப்புதலும் உரிமமும் புதிய இலக்கணத்துக்குள் அடங்குவோர்க்கே. இரண்டாம், மூன்றாம் அடுக்கு உதிரிபாகக் கூடங்களில் எத்தனை இந்த வரம்புக்குக் கீழே நழுவும் என்று கேட்டுப் பாருங்கள். 15 பேர் வேலை செய்யும் பவர் பிரஸ் கூடம் தொழிற்சாலையே அன்று என்றால், அங்கே போன விரல் தொழிற்சாலை விபத்தும் அன்று.

ஆய்வாளரின் பெயரும் மாறிவிட்டது. ஆங்கில மூலத்தில் உள்ள புதுப்பட்டத்தைத் தமிழில் சொல்வதானால் ‘ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்’ என்றாகும். யாருக்கு வசதி என்று சட்டத்தைத் தமிழாக்குவோர் அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டிய நிலை! எந்த ஆலையை எப்போது யார் ஆய்வது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஏற்பாடு 2014 அக்டோபரில் மோடி தொடங்கிவைத்த சிரமேவ ஜெயதே திட்டத்திலேயே வந்துவிட்டது. தொகுப்பு அதற்குச் சட்ட உருவம் தருகிறது. கணினிக்கு ஊட்டப்படும் தகவல் பெரும்பாலும் முதலாளி தாமே சான்றளித்துத் தருவது. விபத்தே இல்லை என்று எழுதிக் கொடுத்த ஆலை, கணினியின் கண்ணுக்கு ஆபத்தில்லாத ஆலை.

இந்தியா 1949 ஏப்ரலில் தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக் கையொப்பமிட்ட நாடு. முன்னறிவிப்பின்றிப் பகலிலோ இரவிலோ எந்நேரத்திலும் தொழிலகத்துள் நுழைய ஆய்வாளருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் உறுப்பு. ஆய்வாளருக்குத் தரப்படும் வேறு பணிகள் அவரது முதன்மைக் கடமைக்கு இடையூறாகக் கூடாது என்கிறது 3ஆம் உறுப்பு. ஆய்வாளர் எத்தனை பேர், ஆய்வுக்குரிய இடங்கள் எத்தனை, சென்ற முறைகள் எத்தனை, மீறல்கள், தண்டனைகள், விபத்துகள், தொழில்வழி நோய்கள் எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் வெளியிடச் சொல்கிறது 21ஆம் உறுப்பு. தரவு குறித்து இவ்வளவு பேசும் அரசு, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாக்களித்த இந்த ஏழு கணக்குகளை முதலில் ஒழுங்காக வெளியிடட்டும்.

ஆய்வாளர் ராஜ்ஜியம் என்ற பழிச்சொல் இங்கே எழும். லஞ்சம் வாங்கிய ஆய்வாளர்கள் இருந்தனர், இருக்கின்றனர். அதைத் தொழிற்சங்கங்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. லஞ்சம் வாங்கியவர் யாருடைய பணத்தை வாங்கினார், எதைக் காணாதிருக்க வாங்கினார் என்று கேட்டால் அந்தப் பழிச்சொல் தன் பிறப்பிடத்திற்கே திரும்பும். 2018 முதல் 2020 வரை தொழிற்சாலைகளில் 3,331 சாவுகள் பதிவாயின. அதே மூன்றாண்டுகளில் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் சிறைக்குப் போனோர் 14 பேர். இதுதான் முதலாளிகளை நடுங்கவைத்த அந்த ராஜ்ஜியம்.

நிறுவனத்தின் கையில் மட்டும் தரவு இருந்தால் என்ன நேரும் என்பதற்குப் போபால் சான்று. யூனியன் கார்பைடின் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த குழு 1982 மே மாதம் ஆலையைச் சோதித்து, நச்சுவாயு கசியக்கூடும் என்பது உள்ளிட்ட குறைகளைப் பட்டியலிட்டது. அறிக்கை நிறுவனத்திடம் இருந்தது. ஆலையைச் சுற்றிக் குடிசைகளில் வாழ்ந்த மக்களுக்குத் தெரியாது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு அவர்களுக்குத் தெரிந்தது. அதன்பிறகே 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயத் தகவலைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வெளியிடும் கடமை, பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பங்கேற்பு, உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை ஆகியவை சேர்க்கப்பட்டன. ஆயிரக்கணக்கான உயிர்கள் கொடுத்து வாங்கிய உரிமைகள் அவை. அவற்றின் சாயல் புதிய தொகுப்பிலும் ஏட்டளவில் உள்ளது. நிலையான வேலையற்ற, ஒப்பந்தக்காரரின் விருப்பத்தில் தொங்கும் தொழிலாளி அவற்றை எப்படிப் பயன்படுத்துவார் என்பதற்குத் தொகுப்பில் விடை இல்லை.

2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்திலும் நவம்பர் 26 எதிர்ப்பு நாளிலும் இத்தொகுப்புகளைத் திரும்பப் பெறக் கோரி மத்தியத் தொழிற்சங்கங்கள் களமிறங்கின. அப்போராட்டம் தொடரும் அதே வேளையில், கணக்கையும் தொழிலாளர் தம் கையில் எடுக்க வழி உண்டு. இ.எஸ்.ஐ. கழகத்தின் தலைமையகம் தில்லியில் தோழர் இந்திரஜித் குப்தாவின் பெயர் தாங்கிய சாலையில் நிற்கிறது. ஏ.ஐ.டி.யு.சி.யின் பொதுச்செயலாளராகப் பணியாற்றிய அந்தத் தலைவரின் பெயருக்கேற்ற செயல் ஒன்றை அக்கழகம் செய்யலாம். நிரந்தர ஊனத்திற்கு உதவித்தொகை பெறுவோரின் விவரம், எந்த நிறுவனம், எந்த எந்திரம், என்ன காயம் என்று அதன் கோப்புகளில் ஏற்கெனவே உள்ளது. பணம் கொடுக்க வேண்டியிருப்பதால் அந்தக் கணக்கில் மறைப்பு குறைவு. தொழிலாளியின் பெயரை நீக்கி, நிறுவனத்தின் பெயரோடு அதை ஆண்டுதோறும் வெளியிட்டு, தொழிற்சாலை ஆய்வாளரின் கணக்கோடு ஒப்பிட்டால் மறைக்கப்பட்ட விரல்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் இயங்குபவை மானேசரில் இயங்கும் அதே வகை எந்திரங்களே. அவற்றின் முன் நிற்போரில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், தமிழ் அறியாதவர்கள், சங்கத்தில் இல்லாதவர்கள். வாயிற்கூட்டம் நடத்தும் கிளைகள் அவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறித்து வைக்கலாம்: கையில் இ.எஸ்.ஐ. அட்டை உண்டா, எந்தத் தேதியில் கிடைத்தது, நிற்கும் எந்திரத்தில் உணரி வேலை செய்கிறதா, இவ்வாண்டு உடன் வேலை செய்தோரில் எவர் காயத்தோடு ஊர் திரும்பினார். இந்தியில் கேட்கத் தெரிந்த ஒரு தோழர் ஒவ்வொரு கிளையிலும் கிடைப்பார். சேர்ந்த குறிப்புகளை மாவட்டத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அலுவலகத்தில் கொடுத்து, அதே காலத்தில் அந்த ஆலை தெரிவித்த விபத்துகள் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவும் இணைக்க வேண்டும். பதில் தர முப்பது நாள் அவகாசம். இரண்டு பட்டியல்களையும் அருகருகே அச்சிட்டு அந்த ஆலையின் வாயிலிலேயே வினியோகிக்கலாம்.